கணக்கு ஆம்பளப் பிள்ளைக்கு மட்டும்தானா?



தவணைப் பரீட்சை முடிந்து புள்ளி அறிக்கை வீட்டுக்கு வந்ததும் நம்முடைய லயங்களில் இரண்டு விதமான பேச்சுக் கேட்கும். மகள் கணக்கில் 30 புள்ளி எடுத்து வந்தால், “பொம்பளப் புள்ளைக்கு கணக்கு எங்க வரப்போகுது, விடு” என்போம். மகன் தமிழில் 30 எடுத்து வந்தால், “அவன் ஆம்பளப் பய, ஒரு எடத்துல ஒக்காந்து படிக்க மாட்டான், கொழும்புல ஏதாச்சும் கடையில சேத்துவுட்டா பொழச்சுக்குவான்” என்போம். பிள்ளையின் மனம் நோகக் கூடாது என்றுதான் அப்படிச் சொல்கிறோம். ஆனால் அந்தப் பேச்சிலேயே அந்தப் பிள்ளையின் படிப்பு முடிவாகிவிடுகிறது.

இது விளையாட்டுப் பேச்சு இல்லை என்பதற்குக் காரணம் சாதாரண தரப் பரீட்சையின் விதி. உயர் தரம் படிக்கப் போவதற்கு ஒரு பிள்ளை 6 பாடங்களில் சித்தியடைய வேண்டும், அதில் 3 பாடங்கள் ‘சி’ அல்லது அதற்கு மேல் இருக்க வேண்டும். அந்த ஆறுக்குள் தாய்மொழியும் கணிதமும் இருந்தே ஆக வேண்டும். ஆகவே கணக்கை விட்ட மகளுக்கும் கதவு சாத்துகிறது, தமிழை விட்ட மகனுக்கும் கதவு சாத்துகிறது. ஆளுக்கொரு பாடத்தை நாமே கழித்துக் கொடுத்துவிட்டு, பிறகு “எங்க புள்ளைக்கு படிப்பு ஏறல” என்று சொல்வதில் என்ன நியாயம்?

சரி, உண்மையில் பரீட்சைகள் என்ன சொல்கின்றன என்று பார்ப்போம்.

கொழும்புப் பல்கலைக்கழகத்தின் தேசிய கல்வி ஆராய்ச்சி மதிப்பீட்டு நிலையம் 2003 ஆம் ஆண்டு தொடங்கிப் பல தடவை நாடு முழுவதும் 4 ஆம் தரத்துப் பிள்ளைகளையும் 8 ஆம் தரத்துப் பிள்ளைகளையும் சோதித்துப் பார்த்தது. தாய்மொழியில் பெண்பிள்ளைகள் முன்னால் நின்றதில் ஆச்சரியம் இல்லை. கணிதத்திலும் சராசரியில் பெண்பிள்ளைகளே முன்னால். இலங்கையின் பல்கலைக்கழகங்களுக்கு ஒவ்வொரு வருஷமும் எடுபடுகிறவர்களில் ஐந்தில் மூன்று பங்குக்கு மேல் பெண்கள். தமிழ்நாட்டில் பன்னிரண்டாம் வகுப்புப் பரீட்சையிலும் இதே கதைதான்: 2024 ஆம் ஆண்டு அங்கே பெண்பிள்ளைகளில் 96.44 வீதமும் ஆண்பிள்ளைகளில் 92.37 வீதமும் சித்தியடைந்தார்கள். அங்கே பெறுபேறு வெளியாகும் நாளில் “மாணவிகளே அதிகம்” என்று பத்திரிகைகள் போடுவது வருஷா வருஷம் நடக்கிற காரியம்.

உலக அளவில் பார்த்தால் விஷயம் கொஞ்சம் வேறு. பிசா என்று ஒரு சோதனை இருக்கிறது. பல நாடுகளில் 15 வயதுப் பிள்ளைகளுக்கு ஒரே மாதிரி வினாத்தாள் கொடுப்பார்கள். 2022 இல் நடந்த சோதனையில், அதை நடத்துகிற அமைப்பின் உறுப்பு நாடுகளின் சராசரியைப் பார்த்தால், வாசிப்பில் பெண்பிள்ளைகள் 24 புள்ளி முன்னால், கணக்கில் ஆண்பிள்ளைகள் 9 புள்ளி முன்னால். இந்த 9 ஐ நம்முடைய 100 புள்ளித் தாளில் வைத்துப் பார்க்கக் கூடாது. அந்தச் சோதனையில் கணக்கின் சராசரியே 472. சில நாடுகளில் கணக்கிலும் பெண்பிள்ளைகள்தான் முன். ஒரு நாட்டில் ஒரு மாதிரி, இன்னொரு நாட்டில் இன்னொரு மாதிரி என்றால் இதைப் பிறவிக் குணம் என்று எப்படிச் சொல்ல முடியும்?

இங்கே ‘சராசரி’ என்கிற சொல்லைக் கொஞ்சம் நின்று பார்க்க வேண்டும். அது விளங்காவிட்டால் மேலே சொன்ன எதுவும் விளங்காது. நம் ஆட்களுக்கு இது புதிய கணக்கு இல்லை. இரண்டு கங்காணிமாரின் ஆட்கள் ஒரே நாள் கொழுந்து நிறுக்கிறார்கள் என்று வைத்துக்கொள்ளுங்கள். ஒரு கங்காணியின் ஆட்களுக்குச் சராசரி 18 கிலோ, மற்றவரின் ஆட்களுக்கு 17 கிலோ. உடனே, “இரண்டாவது கங்காணியின் ஆள் ஒருத்தருக்கும் கொழுந்து எடுக்கத் தெரியாது” என்று யாராவது சொல்வார்களா? அன்றைக்கு மடுவத்திலேயே அதிகம் நிறுத்தவர் அந்த இரண்டாவது கூட்டத்திலேயே இருக்கலாம்.

இனி ஒரு வகுப்பைப் பார்ப்போம். இது விளங்குவதற்காக நானே போட்ட புள்ளி, எந்தப் பாடசாலையின் புள்ளியும் இல்லை. ஐந்து பெண்பிள்ளைகள் கணக்கில் எடுத்தது 82, 64, 51, 38, 25. கூட்டினால் 260, சராசரி 52. ஐந்து ஆண்பிள்ளைகள் எடுத்தது 88, 61, 47, 30, 14. கூட்டினால் 240, சராசரி 48. பெண்பிள்ளைகள் 4 புள்ளி முன்னால். ஆனால் வகுப்பில் முதலாம் பிள்ளை ஒரு பையன், கடைசிப் பிள்ளையும் ஒரு பையன். பெண்பிள்ளைகளுக்குள்ளேயே மேலுக்கும் கீழுக்கும் 57 புள்ளி வித்தியாசம், பையன்களுக்குள் 74. அந்த 57 க்கும் 74 க்கும் முன்னால் இந்த 4 என்ன பெரிது?

இன்னொரு சூட்சுமமும் இதிலே உண்டு. சாதாரண தரத்தில் 35 எடுத்தால் சித்தி. அப்படிப் பார்த்தால் இந்த வகுப்பில் பெண்பிள்ளைகளில் ஐந்துக்கு நாலு, அதாவது 80 வீதம் சித்தி; பையன்களில் ஐந்துக்கு மூன்று, 60 வீதம் சித்தி. சராசரியில் நாலே நாலு புள்ளிதான், சித்தி வீதத்தில் 20! பத்திரிகையில் சித்தி வீதத்தை மட்டும் பார்த்துவிட்டுப் பையன்கள் எல்லாரும் மோசம் என்று நினைக்கிறோம். உள்ளபடி சொன்னால் 30 எடுத்த அந்த ஒரு பையனுக்கு இன்னும் 5 புள்ளிதான் தேவைப்பட்டது.

நான் போட்ட வகுப்பில் பையன்களின் புள்ளி மேலேயும் கீழேயும் அதிகம் பரந்திருப்பதைக் கவனித்திருப்பீர்கள். அதை வேண்டுமென்றேதான் போட்டேன். பல நாட்டுச் சோதனைகளில் ஆண்பிள்ளைகளின் புள்ளி இப்படிக் கொஞ்சம் கூடுதலாகப் பரந்து நிற்கிறது. மிகக் கெட்டிக்காரரிலும் பையன்கள் கொஞ்சம் அதிகம், மிகப் பின்தங்கியவரிலும் பையன்கள் அதிகம். முதல் பாதியை மட்டும் சொல்லிப் பெருமைப்படுகிறவர்கள் இரண்டாம் பாதியைச் சொல்வதில்லை.

இது பற்றி அமெரிக்காவில் ஒரு பெரிய வாதமே நடந்தது. 1980களின் தொடக்கத்தில் ஜோன்ஸ் ஹொப்கின்ஸ் பல்கலைக்கழகத்தைச் சேர்ந்த ஆராய்ச்சியாளர்கள், 13 வயதுக்கு உட்பட்ட கெட்டிக்காரப் பிள்ளைகளுக்குப் பெரிய பிள்ளைகளுக்கான கணக்குத் தாளைக் கொடுத்துப் பார்த்தார்கள். 800 க்கு 700 க்கு மேல் எடுத்தவர்களில் ஒரு பெண்பிள்ளைக்கு 13 ஆண்பிள்ளைகள். “பார்த்தீர்களா, பெண் மூளைக்குக் கணக்கு ஒத்துவராது” என்று எத்தனையோ பேர் எழுதினார்கள். ஆனால் 1990களில் அதே சோதனையில் அந்தக் கணக்கு ஏறக்குறைய ஒன்றுக்கு நாலாக இறங்கிவிட்டது. பத்துப் பதினைந்து வருஷத்தில் மூளை மாறுமா? மாறியது வகுப்பறை. பெண்பிள்ளைகள் அங்கே கூடுதலாகக் கணக்குப் படிக்கத் தொடங்கினார்கள். அதற்குப் பிறகு அது பெரிதாக இறங்கவில்லை என்பதும் உண்மை. அது ஏன் என்பதில் படித்தவர்களுக்குள் இன்னும் தகராறு இருக்கிறது. அந்தத் தகராறு உலகத்தில் பத்தாயிரத்தில் ஒரு பிள்ளையைப் பற்றியது. நமக்கு இப்போது தேவையாயிருப்பது 35 ஐத் தாண்டுகிற கதை.

நமக்குக் கிட்டின ஒரு கதையையும் சொல்ல வேண்டும். அசாம் தேயிலை நாட்டுக்குப் பக்கத்தில் வடகிழக்கு இந்திய மலைகளில் காசி, கர்பி என்று இரண்டு சாதி சனங்கள் அக்கம்பக்கமாக இருக்கிறார்கள். கர்பி மக்களிடையே காணியும் சொத்தும் ஆண்மக்களுக்குப் போகும். காசி மக்களிடையே அது பெண்மக்களுக்கு, அதுவும் கடைசி மகளுக்குப் போகும். 2011 ஆம் ஆண்டு வெளியான ஓர் ஆராய்ச்சியில் இரண்டு பக்கத்துக் கிராமங்களிலும் ஏறக்குறைய 1,300 பேருக்கு, துண்டுகளைப் பொருத்திப் படம் சேர்க்கிற ஒரு புதிரைக் கொடுத்தார்கள். கணக்குக்கும் பொறியியலுக்கும் வேண்டிய ஒரு திறமையை அளப்பதற்கு இப்படியான புதிர்களைக் கொடுப்பது வழக்கம். கர்பி கிராமங்களில் பெண்கள் ஆண்களைவிட மூன்றில் ஒரு பங்குக்கு மேல் கூடுதல் நேரம் எடுத்தார்கள். காசி கிராமங்களில் ஆணுக்கும் பெண்ணுக்கும் வித்தியாசமே இல்லை. அங்கே பெண்பிள்ளைகளின் படிப்பும் கூடுதல், வீடும் காணியும் அவர்கள் கையில்.

இப்போது நம்முடைய பக்கம் திரும்புவோம். நம் பாட்டிமார் காலத்தில் 1920 ஆம் ஆண்டுக் கல்விச் சட்டம் தோட்டத்துப் பிள்ளைகளுக்கு 6 வயதிலிருந்து 10 வயது வரை படிப்புக்கு வழி செய்யச் சொன்னது. நடந்தது என்னவென்றால் பெரும்பாலும் ஓர் அறை, ஒரு வாத்தியார், ஐந்தாம் வகுப்போடு முடிவு. அதிலும் பெண்பிள்ளை தம்பி தங்கச்சியைப் பார்க்க வீட்டிலே நிற்பாள். அதனால்தான் 1980கள் வரைக்கும் எந்தக் கணக்கெடுப்பிலும் தோட்டத்துப் பெண்களில் எழுத வாசிக்கத் தெரிந்தவர்கள் ஆண்களைவிட வெகு குறைவாகவே இருந்தார்கள். 1977 முதல் தோட்டப் பாடசாலைகளை அரசாங்கம் பொறுப்பேற்றது. 1980களில் சுவீடன் நாட்டின் ‘சீடா’ உதவி பதுளை மாவட்டத்துத் தோட்டப் பாடசாலைகளுக்குக் கிடைத்தது. கட்டிடம் வந்தது, தோட்டத்துப் பிள்ளைகளே ஆசிரியர்களாக வந்தார்கள். 1998 முதல் 14 வயது வரையும், 2016 முதல் 16 வயது வரையும் பிள்ளையைப் பாடசாலைக்கு அனுப்புவது கட்டாயமாகியது. இன்று இளம் வயதினரைப் பார்த்தால் எழுத வாசிக்கத் தெரிவதில் ஆண் பெண் வித்தியாசம் கிட்டத்தட்ட மறைந்துவிட்டது. நம் அம்மாமார் விரலடையாளம் வைத்தார்கள், நம் மகள்மார் கையெழுத்து வைக்கிறார்கள். ஒரே இரத்தம்தான், நடுவில் வந்தது பள்ளிக்கூடம் மட்டும்.

பள்ளிக்கூடம் எவ்வளவு பெரிய காரணம் என்பதை முதலில் சொன்ன அந்தக் கொழும்புப் பல்கலைக்கழகச் சோதனைகளும் காட்டின. நகரத்துப் பிள்ளைகள் கிராமத்துப் பிள்ளைகளைவிட மேலே. உயர்தர விஞ்ஞான வகுப்பு உள்ள பெரிய பாடசாலைப் பிள்ளைகள் சின்னப் பாடசாலைப் பிள்ளைகளைவிட மேலே. நமுனுகுல மலைக்கு மேலே படிக்கிற நம் பிள்ளைக்கும் பதுளை நகரத்தில் படிக்கிற பிள்ளைக்கும் உள்ள தூரத்தைப் பற்றிக் கவலைப்படுவதை விட்டுவிட்டு, நம் வீட்டு மகனையும் மகளையும் ஒப்பிட்டுக்கொண்டிருக்கிறோம்.

வீட்டுக்குள் என்ன நடக்கிறது என்பதைச் சொல்ல எனக்கு உரிமை இருக்கிறது, லயம் லயமாகப் போய் வருகிறவர்களில் நானும் ஒருவர். காலையில் பெரட்டுக்கு அம்மா கிளம்பிவிட்டால் அடுத்த அம்மா வீட்டு மூத்த மகள்தான். அடுப்பு, தம்பிக்கு முகம் கழுவி விடுவது, சின்னதைப் பிள்ளை மடுவத்தில் விடுவது, பிறகு பாடசாலை. பின்னேரம் பீலியில் தண்ணீர், ரொட்டிக்கு மாவு, பாத்திரம். பையனுக்கு அந்த நேரத்தில் மட்டை அடிக்கிற வேலை. இவ்வளவையும் செய்துவிட்டு இரவில் காம்பராவில் படுக்கைக்குப் பக்கத்தில் குந்திக்கொண்டு அந்தப் பிள்ளை வீட்டுப் பாடத்தைச் செய்கிறாள். பிசா நடத்துகிற அமைப்பு பல நாடுகளில் எடுத்த கணக்கின்படி பெண்பிள்ளைகள் வாரத்துக்கு ஏறக்குறைய ஒரு மணித்தியாலம் கூடுதலாக வீட்டுப் பாடம் செய்கிறார்கள். பையன்கள் பின்தங்குவதற்கு அது ஒரு முக்கிய காரணம் என்று அவர்கள் சொன்னார்கள். நம்மிடத்தில் வந்து பார்த்திருந்தால் இன்னும் உறுதியாகச் சொல்லியிருப்பார்கள்.

பையன் எங்கே நழுவுகிறான் என்று பார்த்தால், அநேகமாக 8 ஆம் தரத்துக்கும் 10 ஆம் தரத்துக்கும் இடையில். வாசிப்புத் தடுமாறுகிறவனுக்கு அந்த வகுப்புகளில் எல்லாப் பாடமும் தடுமாறும். கணக்கிலேகூட வசனக் கணக்கை வாசித்து விளங்கினால்தான் போடலாம். அந்த நேரத்தில் தீபாவளிக்கு வந்த அண்ணன் ஒருவன் புதுச் சட்டையும் கைத்தொலைபேசியுமாக நின்று, “வா கொழும்புக்கு” என்றால் போதும். 16 வயதுக்கு உட்பட்ட பிள்ளையை வேலைக்கு வைப்பது 2021 இலிருந்து சட்டப்படி குற்றம். அப்படி இருந்தும் வயசைக் கூட்டிச் சொல்லி அனுப்புகிறோம். “அவன் ஆம்பள, படிப்புல நிக்க மாட்டான்” என்று நாம் நாலு வருஷம் சொல்லிக்கொண்டிருந்ததை அவன் நம்பிவிட்டான், அவ்வளவுதான்.

மகள் கணக்கில் நழுவுகிற விதம் வேறு. பயம். அந்த அமைப்பு சொன்ன இன்னொரு விஷயம்: ஒரே அளவு தன்னம்பிக்கையும் ஒரே அளவு பயமும் உள்ள ஆண்பிள்ளையையும் பெண்பிள்ளையையும் எடுத்து ஒப்பிட்டால் கணக்குப் புள்ளியில் வித்தியாசம் மறைந்துவிடுகிறது. ஒரு வீட்டில் 9 ஆம் தரம் படிக்கிற மகளிடம், “ஏன் மகள், கணக்குக் கொப்பியில ஒண்ணும் எழுதல?” என்று கேட்டேன். பிள்ளை வாய் திறக்கவில்லை. அம்மா சொன்னார்: “எனக்கும் வராதுங்க ஐயா, அவளுக்கும் வராது.” “அக்கா, நீங்க இந்த மாசம் எத்தன கிலோ எடுத்தீங்க, கைக்காசு எவ்வளவு வரணும்?” என்று கேட்டேன். கடதாசி பென்சில் இல்லாமல் சதம் தவறாமல் சொன்னார். பிடித்த காசு சரியில்லை என்று கணக்குப்பிள்ளையிடம் வாதாடியதையும் சொன்னார். இதற்குப் பிறகும் கணக்கு வராது என்றால் நான் என்ன சொல்ல!

உடம்பு பற்றியும் ஒரு வார்த்தை. வயசுக்கு வந்த பெண்பிள்ளைகளுக்கு இரத்தச்சோகை சுலபமாக வரும். இரத்தத்தில் இரும்புச்சத்துக் குறைந்தால் பிள்ளை சோர்ந்து போகும், பாடத்தில் கவனம் நிற்காது. நாம் அதை “மந்தம்” என்போம். சாப்பிட்ட கையோடு சாயத்தண்ணி குடித்தால் சாப்பாட்டில் உள்ள இரும்புச்சத்து உடம்பில் சேர்வது குறையும். தேயிலை நமக்குச் சோறு போடுகிறதுதான், ஆனாலும் சாப்பாட்டுக்கு முன்னும் பின்னும் ஒரு மணித்தியாலம் தள்ளிக் குடிக்க வேண்டும். கீரை, முருங்கையிலை, கருவாடு, நெத்தலி, கூடவே எலுமிச்சை அல்லது கொய்யா கொடுங்கள். பாடசாலையில் இரும்புச்சத்து மாத்திரை தந்தால், “சூடு” என்று சொல்லி வீசிவிட வேண்டாம்.

சாதாரண தரம் தாண்டிய பிறகு வேறொரு வித்தியாசம் ஆரம்பிக்கிறது. பல்கலைக்கழகம் போகிறவர்களில் பெண்கள் அதிகம் என்று சொன்னேன். ஆனால் கலைப் பிரிவில் ஐந்தில் நாலு பேர் பெண்கள் என்றால், பொறியியலில் நாலில் ஒருவர்கூடச் சரியாக இருக்கமாட்டார். நம் மலையகத்தில் தமிழ்மொழியில் கணிதம், விஞ்ஞானம் படிப்பிக்க ஆசிரியர் போதாது என்பது நாடறிந்த குறை. அந்தப் பிரிவு வேண்டுமானால் பிள்ளை பசறைக்கோ பதுளைக்கோ பண்டாரவளைக்கோ போக வேண்டும், சில வேளை அங்கேயே தங்க வேண்டும். பையன் என்றால் கடன் வாங்கியாவது அனுப்புகிறோம். மகள் என்றால் பக்கத்தில் உள்ள கலை வகுப்போடு நிறுத்துகிறோம். பஸ் பயம், ஊர்ப் பேச்சு, எல்லாம் எனக்கும் தெரியும். அந்தப் பயத்தில் நியாயமும் இருக்கிறது. ஆனால் பிறகு புள்ளிவிபரத்தைக் காட்டி, “பொம்பளைங்க கணக்குப் படிக்க மாட்டாங்க” என்று சொல்வது சரியில்லை. அனுப்பாதது நாம்.

கலைப் பாடம் தாழ்ந்தது என்று நான் சொல்லவில்லை. பிள்ளை விரும்பி எடுத்தால் நல்லது. ஆனால் தெரிந்துகொள்ள வேண்டியது, பல்கலைக்கழக அனுமதியில் பதுளை மாவட்டம் பின்தங்கிய மாவட்டங்களின் பட்டியலில் இருக்கிறது. அதற்கென்று தனியாக 5 வீத இடம் ஒதுக்கப்படுகிறது. கணிதம், விஞ்ஞானம் செய்கிற நம் பிள்ளைக்கு அது கைகொடுக்கும். பதுளையிலேயே 2005 இலிருந்து ஊவா வெல்லஸ்ஸப் பல்கலைக்கழகம் இருக்கிறது. தேயிலைத் தொழில்நுட்பத்துக்கே அங்கு பட்டப்படிப்பு உண்டு. கொழுந்து எடுத்தவரின் மகள் தேயிலைத் தொழில்நுட்பம் படிக்க விஞ்ஞானப் பாடம் வேண்டும், அதற்கு முதலில் சாதாரண தரக் கணக்கு வேண்டும்.

வீட்டில் செய்யக்கூடியது அதிகம் செலவு பிடிக்கிற காரியம் இல்லை. பீலிக்குப் போகிற முறையை மகனுக்கும் மகளுக்கும் பங்கு போடுங்கள். ஒரு நாள் அவன், ஒரு நாள் அவள். 10 ஆம், 11 ஆம் தரத்துப் பிள்ளை இருக்கிற வீட்டில் பின்னேரம் ஆறரையிலிருந்து எட்டு மணி வரை இஸ்தோப்பில் லைட்டைப் பிள்ளைக்கு விட்டுக்கொடுத்து, டிவியை நிறுத்திவையுங்கள். மகனுக்கு இரவில் பத்து நிமிஷம் பத்திரிகையைச் சத்தமாக வாசிக்கச் சொல்லுங்கள். உங்களுக்கு எழுத்துத் தெரியாவிட்டாலும் பரவாயில்லை, கேட்டுக்கொண்டிருந்தால் போதும், அவன் தடுமாறுகிற இடம் காதுக்கே தெரியும். மகளுக்குக் கணக்கில் குறைந்தால், “எந்தக் கணக்கு வரல?” என்று கேளுங்கள். பின்னமா, வீதமா, சமன்பாடா என்று பிள்ளையே சொல்லும். அதைக் கணிதப் பாட சேரிடமோ டீச்சரிடமோ போய்ச் சொல்லுங்கள். பெற்றோர் கூட்டத்துக்கு அம்மா மட்டும் போவதாக ஒரு வழக்கம் இருக்கிறது. மகன் நழுவுகிற வயதில் அப்பா ஒரு தடவை அரைப் பேரை விட்டாவது போய் வர வேண்டும்.

சாதாரண தரப் பெறுபேறு வரும்போது அந்தத் தாளை மடித்துப் பெட்டிக்குள் வைக்க வேண்டாம். ஏ என்றால் 75 க்கு மேல், பி 65 க்கு மேல், சி 50 க்கு மேல், எஸ் 35 க்கு மேல். டபிள்யூ என்று இருந்தால் அந்தப் பாடம் சித்தியில்லை. கணிதத்துக்கு மட்டும் அல்லது தமிழுக்கு மட்டும் டபிள்யூ வந்திருந்தால் அதை மறுபடி எழுதலாம். மகள் என்றாலும் மகன் என்றாலும் அதே கிழமையில் அந்தத் தாளோடு பிள்ளையையும் கூட்டிக்கொண்டு நலன்புரி உத்தியோகத்தரிடம் வாருங்கள். எங்கே எந்தப் பிரிவு இருக்கிறது, மறுபடி எழுதுவதற்கு எப்போது விண்ணப்பம் போட வேண்டும் என்று உட்கார்ந்து பார்த்துச் சொல்வோம். நிறுவை முடிந்து வருகிறவர்களுக்காகப் பின்னேரம் ஐந்தரை வரைக்கும் இருப்போம்.